முதலில் லாயம், அப்புறம் குதிரை

'டர்போ' என்ற சொல்லுக்கு ஒரு வசியம் உண்டு. மின்விசிறியிலிருந்து ஷேவிங் பிளேடு வரைக்கும் அந்தப் பெயரை ஒட்டி விற்றுப் பார்த்துவிட்டார்கள். வாங்கியவர்களுக்குக் காற்றும் அதிகம் வரவில்லை, தாடியும் சீக்கிரம் போகவில்லை.

நிஜ டர்போ எளிமையான சமாசாரம். இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகமாகப் போனால் கூடவே பெட்ரோலும் அதிகமாக எரிக்கலாம், பவர் வரும். வீணாய்ப் போகிற புகையிடம் வேலை வாங்கும் இந்த யோசனைக்கு ஸ்விட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-லேயே பேடண்ட் எடுத்துவிட்டார்.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. டர்போ இல்லாத காரில் 50 குதிரை கூட்டவேண்டுமென்றால் இன்ஜினைப் பிரித்து மேய வேண்டும். டர்போ காரில் அதெல்லாம் வேண்டாம். திணிக்கிற காற்றின் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். ஒரு சின்ன வால்வு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சனிக்கிழமை மத்தியானம். பவர் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதுதான் ஆபத்து. மலிவாகக் கிடைக்கிற எதையும் நாம் அளவோடு வாங்குவதில்லை.

என் அக்கா பையன் டெக்ஸாஸில் இருக்கிறான். கம்ப்யூட்டர் உத்தியோகம். சேர்த்து வைத்திருந்த பணத்தில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பான் என்று குடும்பமே காத்திருந்தபோது, 1993-ம் வருஷத்து மாஸ்தா ஆர்எக்ஸ்-7 வாங்கிவிட்டான். 'ரெண்டு பேர்தான் உக்கார முடியுமாம்டா, அதுக்குப் பேரு காராம்' என்று அக்கா போனில் குமுறினாள். பையனின் குறை வேறு.

'மாமா, இதுல 255 குதிரைதான் இருக்கு. நானூறு ஆக்கணும். தினம் ஆபீசுக்கும் ஓட்டணும். என்ன சொல்றீங்க?'

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக வரும் மூடநம்பிக்கை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட கார் மேல் எனக்கும் ஒரு கிறுக்கு உண்டு. இதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அதனால் வாயைத் திறந்தேன்.

* * *

ஆர்எக்ஸ்-7-ல் நமக்குப் பழக்கமான பிஸ்டன் கிடையாது. ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியரின் சுழல் இன்ஜின். நிலக்கடலை ஓடு மாதிரி இடுப்பு சிறுத்த ஒரு அறை. அதற்குள் உப்பிய சமோசா போல ஒரு முக்கோணம் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலும் கீழும் உதறுவதில்லை, அதனால் இன்ஜின் தையல் மிஷின் மாதிரி வழவழவென்று ஓடும். இந்தக் காரில் அப்படி இரண்டு சமோசாக்கள். ஒவ்வொன்றும் 654 சி.சி., ஆக மொத்தம் 1308. நம் ஊர்க் குடும்பக் கார் ஒன்றின் அளவுதான். அதிலிருந்து 255 குதிரை!

எப்படி? இரண்டு டர்போ. முதலாவது குறைந்த வேகத்திலேயே விழித்துக்கொள்ளும். நிமிஷத்துக்கு 4500 சுற்று தாண்டும்போது இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். அழுத்தம் சுமார் 10 பவுண்டு. பெட்ரோல் பங்கில் டயருக்கு 30 பவுண்டு காத்து அடிக்கச் சொல்கிறோமே, அதே அளவுகோல். இந்த இரண்டு டர்போவையும் முறை வைத்து எழுப்பத் தேவையான வால்வுகளும், அவற்றை இணைக்கும் பென்சில் பருமன் ரப்பர் குழாய்களும் டஜன் கணக்கில் இன்ஜினுக்கு நடுவே பின்னிக் கிடக்கும். சொந்தக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'எலிக்கூடு'.

இப்போது வில்லன். சமோசாவின் மூன்று முனைகளிலும் ஆளுக்கொரு உலோகப் பட்டை இருக்கிறது. 'ஏபெக்ஸ் சீல்' என்பார்கள். கனம் வெறும் 2 மில்லிமீட்டர். அறைச் சுவரை உரசிக்கொண்டே ஓடி, ஒரு பக்கத்துக் காற்று மறு பக்கம் போகாமல் காப்பது இதன் வேலை. மாஸ்தாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தலைவலி கொடுத்த இடமும் இதுதான். 1961-ல் ஜெர்மன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு இந்த இன்ஜினை வாங்கினார்கள். ஓட்டிப் பார்த்தால் பட்டை அதிர்ந்து அதிர்ந்து அறைச் சுவரில் வரி வரியாய்க் கீறல். 'பிசாசின் நகக்கீறல்' என்று பேர் வைத்தார்கள். கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 இன்ஜினியர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, 1967-ல்தான் காஸ்மோ ஸ்போர்ட் என்ற முதல் காரை விற்பனைக்கு விட்டார்கள்.

உரசலை வென்றாயிற்று. ஆனால் அந்த 2 மில்லிமீட்டர் பட்டைக்கு ஒரு ஜென்ம விரோதி பாக்கி. தமிழில் சொன்னால், முந்திக்கொண்டு வெடிப்பது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, ஸ்பார்க் பிளக்கிலிருந்து கிளம்பிய நெருப்பு வந்து சேரும்வரை காத்திருந்து வரிசையாக எரியவேண்டும். சூடு அதிகமாகிவிட்டாலோ, பெட்ரோல் போதாவிட்டாலோ மிச்சக் கலவை தானாகவே டமாரென்று வெடித்துவிடும். பிஸ்டன் இன்ஜினில் இது நடந்தால் 'டக் டக்' என்று சத்தம் கேட்கும், பல சமயம் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். சுழல் இன்ஜினுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பலமாக ஒரு தடவை வெடித்தாலே பட்டை உடையலாம். உடைந்த துண்டு சும்மா இருக்காது. அறைச் சுவரைக் கீறிவிட்டு, புகையோடு வெளியேறி, போகிற வழியில் டர்போ காற்றாடியின் இறக்கையையும் பெயர்த்துவிட்டுப் போகும். ஒரு விநாடி வேலை. பில் ஆயிரக்கணக்கான டாலர்.

'புரியுது மாமா, அதனாலதான் நல்ல கம்பெனி பார்ட்டா போடப்போறேன்' என்றான்.

'பார்ட் நல்லதா கெட்டதாங்கறது அப்புறம். எதை முதல்ல போடறேங்கறதுதான் விஷயம். லிஸ்ட்டைப் படி.'

படித்தான். பெரிய சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர், இரண்டு கேடலிடிக் கன்வர்ட்டரையும் எடுத்துவிட்டு நேர்க் குழாய், அழுத்தத்தை ஏற்றும் பூஸ்ட் கன்ட்ரோலர். கடைசி வரியில், 'பணம் மிஞ்சினால்' என்ற குறிப்போடு, ரேடியேட்டர்.

* * *

உலகெங்கும் டர்போ இன்ஜின்கள் உடைவது இந்த வரிசையில்தான். சத்தம் போடுகிற சாமான் முதலில், காப்பாற்றுகிற சாமான் கடைசியில். ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்.

காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். டெக்ஸாஸ் கோடையில் வெளிச் சூடு 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போவின் திறமை 70 சதவிகிதம் என்று வைத்தால், 10 பவுண்டு அழுத்தத்தில் காற்று 110 டிகிரிக்கு வெளியே வரும். அதே டர்போவில் 15 பவுண்டு ஏற்றினால் 140 டிகிரி. திறமை குறைந்தால் இன்னும் மேலே. அந்த 5 பவுண்டுக்குக் கிடைக்கிற கூடுதல் அழுத்தம் 20 சதவிகிதம்தான். கூடவே 30 டிகிரி சூடு இலவச இணைப்பு. டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் இன்டர்கூலர் அதைத் தணிக்க வேண்டும். இந்தக் காரில் கம்பெனி கொடுத்ததோ சின்ன இன்டர்கூலர். ஆக, அழுத்தத்தை மட்டும் ஏற்றுகிறவன் பவரைவிட வேகமாகச் சூட்டை வாங்குகிறான்.

அடுத்தது நேர்க் குழாய். டர்போவை ஒட்டியே ஒரு கன்வர்ட்டர் இருக்கிறது, அது அடுப்பு மாதிரி கனன்று பானெட்டுக்குள் எல்லாவற்றையும் வறுக்கிறது என்பது உண்மை. ஆர்எக்ஸ்-7 ஆட்கள் பலர் அதைத்தான் முதலில் கழற்றுவார்கள். ஆனால் இரண்டு சங்கடம். ஒன்று, சாலையில் ஓடும் காரில் கன்வர்ட்டரைக் கழற்றுவது அமெரிக்காவில் மத்திய அரசின் சட்டப்படியே தப்பு. அந்தக் குழாய்களை 'ரேஸுக்கு மட்டும்' என்று அச்சடித்துத்தான் விற்கிறார்கள். இரண்டு, புகை போகும் வழியை முழுக்கத் திறந்துவிட்டால் டர்போ குஷியாகிவிடும். அதை அடக்குவதற்கு 'வேஸ்ட்கேட்' என்று ஒரு பக்கக் கதவு உண்டு. உபரிப் புகை காற்றாடியைத் தொடாமல் அந்த வழியாக நழுவிவிடும். இந்தக் காரில் அந்தக் கதவு சின்னது. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து நானூறு பேர் ஒற்றைக் கதவில் வெளியேறுகிற மாதிரி. நெரிசல் தாங்காமல் புகை காற்றாடிப் பக்கமே திரும்பும். அழுத்தம் யார் அனுமதியும் இல்லாமல் 10, 12, 14 என்று தானாக ஏறும். நீங்கள் எந்த ஸ்க்ரூவையும் திருகியிருக்க மாட்டீர்கள். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராது. அப்புறம் அந்த 2 மில்லிமீட்டர் பட்டையின் கதி உங்களுக்கே தெரியும்.

குழாய் மாற்றினால் வேஸ்ட்கேட்டைக் குடைய வேண்டும், அதற்குமேல் கம்ப்யூட்டர் புரோகிராம் மாற்ற வேண்டும், அதற்குமேல் பெட்ரோல் பம்ப்பும் இன்ஜெக்டரும் பெரிதாக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு அலமாரி வாங்கப்போய், அது உள்ளே நுழையவில்லை என்று நிலைப்படியை இடிக்கிற கதை.

அதனால் பையனின் பட்டியலைத் தலைகீழாக்கினேன்.

முதலில் கண். இந்தக் காரில் இருக்கும் டெம்பரேச்சர் மீட்டர் ஒரு பொய்யன். சூடு ஏறினாலும் இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும். அது நகர்வதை நீங்கள் பார்க்கிறபோது காரியம் மிஞ்சியிருக்கும். எனவே உண்மை சொல்லும் ஒரு டெம்பரேச்சர் மீட்டர், ஒரு பூஸ்ட் மீட்டர், பெட்ரோலும் காற்றும் எந்த விகிதத்தில் எரிகின்றன என்று காட்டும் ஒரு மீட்டர். இவற்றால் ஒரு குதிரைகூடக் கூடாது. ஆனால் இருக்கிற குதிரைகள் உயிரோடு இருக்கின்றனவா என்று தெரியும்.

இரண்டாவது ரத்தக் குழாய். முப்பது வருஷத்துக்கு மேல் சூட்டில் வெந்த ரப்பர் குழாய்கள் முறுக்கு மாதிரி உடையும். எலிக்கூட்டைப் பிரித்து அத்தனையையும் சிலிக்கோன் குழாயாக மாற்றவேண்டும். பெட்ரோல் குழாய்களையும் சேர்த்துத்தான். சூடான டர்போவுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் இன்ஜின் மட்டுமா போகும்?

மூன்றாவது தண்ணீர். கூலன்ட்டில் சேரும் காற்றைப் பிரிக்க இந்தக் காரில் ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. வயசானால் விரிசல் விடும். தண்ணீர் போய்விட்டால் சுழல் இன்ஜினின் உள் ரப்பர் வளையங்கள் வெந்துவிடும், திரும்ப இன்ஜினை இறக்கவேண்டியதுதான். அலுமினிய டப்பா, கனத்த அலுமினிய ரேடியேட்டர். அதோடு ரேடியேட்டரைச் சுற்றிக் காற்று நழுவாமல் தடுக்கும் தகடுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பழைய கார்களில் யாராவது மெக்கானிக் கழற்றி மூலையில் போட்டிருப்பார்.

நான்காவது காற்று. பெரிய இன்டர்கூலர், அதற்கு நேரே காற்று வர ஒழுங்கான வழி.

ஐந்தாவது கால். 400 குதிரைக்கு ஆசைப்படுகிறவன் முதலில் பார்க்கவேண்டியது பிரேக் திரவம் எத்தனை வருஷப் பழசு, டயர் எந்த வருஷத்தில் செய்தது என்பதை. கூட்டுகிற ஒவ்வொரு குதிரையையும் என்றைக்காவது ஒரு சிக்னலில் நிறுத்தியாக வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபின் ஆறாவதாக, கம்ப்யூட்டர். பழைய மூளைக்குப் பதில் புரோகிராம் செய்யக்கூடிய புது மூளை. இதைப் பொருத்தினால் போதாது. சுழல் இன்ஜின் தெரிந்த ஒருவரிடம், சக்கரத்தை உருளையில் ஓட்டிப் பார்க்கும் டைனோ மேடையில் வைத்து, பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகவும் ஸ்பார்க் கொஞ்சம் நிதானமாகவும் இருக்கும்படி அமைக்கவேண்டும். கூடுதல் பெட்ரோல் உள்ளே ஆவியாகும்போது சூட்டையும் கொஞ்சம் குடிக்கும். மைலேஜ் போகும், இன்ஜின் இருக்கும். அமைத்துக் கொடுப்பவருக்குக் கொடுக்கிற கூலியில் பேரம் பேசக்கூடாது. பார்ட்டில் மிச்சம் பிடிக்கலாம், டாக்டரில் கூடாது.

'இவ்வளவுக்கும் அப்புறம் எத்தனை குதிரை மாமா?'

'280.'

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

* * *

280 என்பதை நான் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லவில்லை. இந்தக் காரைச் செய்த மாஸ்தாவே வந்து நின்ற இடம் அது. 1991 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தபோது 255. 1996-ல் புதுக் கம்ப்யூட்டர் வைத்து, எலிக்கூட்டையும் கொஞ்சம் எளிமையாக்கி 265. 1998 கடைசியில், முகப்பில் காற்று வாயைப் பெரிதாக்கி, டர்போவையும் திருத்தி 280. 2002-ல் உற்பத்தியை நிறுத்தும்வரை அதற்கு மேல் போகவில்லை. 280-ஐத் தாண்டுவதில்லை என்று அந்தக் காலத்தில் ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு எழுதாத ஒப்பந்தம் வைத்திருந்தார்கள் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் போன வழியைப் பாருங்கள். அந்த இன்ஜினைப் பெற்றெடுத்தவர்கள், சோதனைச் சாலையும் சம்பளக்கார இன்ஜினியர்களும் வைத்துக்கொண்டு, 25 குதிரை கூட்ட ஏழு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். நாம் சனிக்கிழமை மத்தியானம் 145 கூட்டப் பார்க்கிறோம்.

சுழல் இன்ஜின் என்றாலே உடையும் என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்காக 1991 லெ மான். ஃபிரான்ஸில் 24 மணி நேரம் விடாமல் ஓடும் பந்தயம். நான்கு சமோசா வைத்த, டர்போ இல்லாத மாஸ்தா 787பி, 55-ம் நம்பர் கார், மெர்சிடிஸையும் ஜாகுவாரையும் தாண்டி ஜெயித்தது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பான் கார் அதுதான். அந்த இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றக்கூடியது. ஆனால் பந்தயத்தில் 9000 சுற்றோடு நிறுத்திக்கொண்டார்கள். முன்னால் ஓடிய மெர்சிடிஸ் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூடாகி நின்றது. மாஸ்தா ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் டிரைவர் ஜானி ஹெர்பர்ட்தான் உடம்பில் நீர் வற்றி மேடையேற முடியாமல் படுத்தார், இன்ஜின் படுக்கவில்லை.

பந்தயத்துக்கே அந்த அடக்கம் வேண்டியிருக்கிறது என்றால், திங்கள்கிழமை காலை ஆபீஸ் போய் சாயங்காலம் அதே காரில் வீடு திரும்பவேண்டியவனுக்கு? விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் கிழவிகள் டர்போ பார்க்காமலே சொல்லிவிட்டார்கள்.

கார் மாறினாலும் கணக்கு மாறாது. எந்த டர்போ காரானாலும் பவர் கூட்டுவது என்பது சூட்டைக் கூட்டுவது. அந்தச் சூடு எங்கே போகப்போகிறது என்று முதலில் கேட்கவேண்டும். பதில் தெரிந்த பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம். ஓட்டுவதிலும் சில சில்லறை விஷயங்கள் உண்டு. இன்ஜின் சூடாகும்வரை மிதிக்கக்கூடாது. விரட்டி ஓட்டிவிட்டு வந்தால், உடனே சாவியைத் திருகாமல் ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ சும்மா ஓடவிடவேண்டும். இல்லாவிட்டால் டர்போ தண்டில் நிற்கும் எண்ணெய் கருகிப் பிசினாகும். சுழல் இன்ஜின் என்றால் இன்னொன்று. அந்த ஏபெக்ஸ் பட்டைகள் வழுக்கி ஓடுவதற்காக, இன்ஜினே எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே பீச்சி எரித்துக்கொள்ளும். அது கோளாறு இல்லை, சுபாவம். பெட்ரோல் போடும்போதெல்லாம் குச்சியை உருவி எண்ணெய் மட்டம் பார்க்கவேண்டும்.

குச்சியை உருவி, துணியில் துடைத்து, திரும்பச் செருகிப் பார்க்க மொத்தம் இருபது செகண்ட். டர்போ கார் விஷயத்தில் செலவில்லாமல் கிடைக்கிற ஒரே ரிலையபிலிட்டி அதுதான். அதைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.